காது இரைச்சல், காதில் சீழ்: எதற்கு எண்ணெய், எதற்கு டாக்டர்?

மலேசியாவில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ நாட்டு மருந்துக் கடையில் நின்று "காதுக்குள்ள ஙொய்னு ஒரே சத்தம்" என்று சொன்னால், ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி கைக்கு வரும். "காதுல சீழ் வடியுது" என்று சொன்னாலும் அதே குப்பி வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இரைச்சலும் சீழும் ஒரே காதில் வரக்கூடியவைதான். ஆனால் ஒன்றுக்கு ஒத்துக்கொள்ளும் வைத்தியம் மற்றதைக் கெடுத்துவிடும்.

ஆயுர்வேதமா, ஆங்கில மருத்துவமா என்ற வாதத்தைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். அதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: காது ஈரமாக இருக்கிறதா, உலர்ந்திருக்கிறதா? செவிப்பறை முழுதாக இருக்கிறதா, ஓட்டையா?

முதல் கேள்விக்கு வீட்டிலேயே ஓரளவு விடை காணலாம். காது வாசலில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் குருத்தெலும்பை விரலால் அழுத்துங்கள், அல்லது மடலை மெல்ல இழுங்கள். சுரீர் என்று வலித்தால் பெரும்பாலும் புறக்காதுக் குழாயில் தொற்று. நீச்சல் குளம், கடல் குளியல், காட்டன் பட் மூன்றும் அதற்கு வழக்கமான காரணங்கள். வலியைவிட அரிப்பு தூக்கலாக இருந்து, நனைந்த செய்தித்தாள் துணுக்கு போன்ற அழுக்கில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை. நம்மூர் புழுக்கத்துக்கு இது சாதாரணம். சளி பிடித்த நாலைந்து நாளில் பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு அழுது, பிறகு சட்டென்று வலி அடங்கி தலையணையில் ஈரம் தெரிந்தால், நடுக்காதில் தேங்கிய சீழ் செவிப்பறையைக் கிழித்துக்கொண்டு வெளியேறியிருக்கிறது. வலி போனதால் குணமாகிவிட்டது என்று எண்ணி எண்ணெய் விடுவது இந்தக் கட்டத்தில்தான் அதிகம் நடக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு வீட்டில் விடை கிடையாது. காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவி வேண்டும். பொது மருத்துவர் எவரிடமும் அது உண்டு, பார்க்க இரண்டு நிமிடம் போதும். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) குடிமக்களுக்கு அதற்கு ஆகும் செலவு ஒரு வெள்ளி (ரிங்கிட்). எந்த எண்ணெயை வாங்குவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய செலவு இதுதான். ஓட்டை இருக்கிறதா என்று தெரியாமல் காதுக்குள் எதையும் ஊற்றக்கூடாது.

சில அறிகுறிகள் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கவே நேரமில்லை. ஒரு காது திடீரென்று, மூன்று நாளுக்குள் மந்தமாகி இரைச்சலும் சேர்ந்தால் அது அவசரம். ஸ்டீராய்டு மாத்திரைக்குப் பலன் கிடைப்பது முதல் இரண்டு வாரத்தில்தான், அதிலும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. காதடைப்பு என்று நினைத்துப் பத்து நாள் எண்ணெய் விட்டுக் காத்திருந்தவருக்கு அந்த வாய்ப்பின் பெரும்பகுதி கைநழுவிவிடும். நாடித் துடிப்போடு சேர்ந்து ‘டப் டப்’ என்று கேட்கும் இரைச்சல், ஒரே காதில் மட்டும் நாள்கணக்கில் நீடிக்கும் இரைச்சல், கூடவே வாய் கோணுதல், காதுக்குப் பின்னால் வீக்கத்தோடு காய்ச்சல், இவற்றுக்கும் நேராக மருத்துவமனைதான். சர்க்கரை நோயுள்ள பெரியவர்களுக்கு இரவில் தூங்கவிடாமல் குடையும் காதுவலி வந்தால் இன்னும் கவனம் வேண்டும். புறக்காதுத் தொற்று எலும்புக்குள் இறங்கும் ஒரு வகை உண்டு, அதற்கு வாரக்கணக்கில் மருந்து தேவைப்படும். நம்மவர் வீடுகளில் சர்க்கரை எவ்வளவு என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உலர்ந்த காதில் இரைச்சல்

ஆயுர்வேதம் இதைக் கர்ணநாதம் என்கிறது. காதின் நாளங்களில் வாதம் சீற்றம் கொள்வதால் பேரிகை, சங்கு போன்ற ஓசைகள் கேட்கும் என்பது பழைய நூல்களின் விளக்கம். சிகிச்சை பெரும்பாலும் எண்ணெயும் சூடும்தான். இன்றைய காது மருத்துவமோ, உட்காதின் நத்தைச்சுருளில் உள்ள மயிரணுக்கள் பழுதாகி, வர வேண்டிய ஒலி குறையும்போது மூளை அந்த இடைவெளியைத் தானே நிரப்புகிறது என்று பார்க்கிறது. முதுமை, இயந்திரச் சத்தம், அதிக அளவு ஆஸ்பிரின், சில ஊசி மருந்துகள் காரணமாகலாம். வெறும் காதழுக்கு அடைத்துக்கொண்டாலும் இரைச்சல் வரும்.

முதலில் கர்ணபூரணம். காதை எண்ணெயால் நிரப்புவது என்று பொருள். முறையாகச் செய்தால் இப்படி: காதைச் சுற்றியும் கழுத்திலும் தாடை மூட்டிலும் எண்ணெய் தேய்த்து, வெந்நீரில் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுப்பார்கள். பிறகு ஒருக்களித்துப் படுக்க வைத்து, பாதித்த காது மேலே இருக்க, மடலைப் பின்னுக்கும் மேலுக்குமாக இழுத்து, குழாயின் சுவரோரமாக எண்ணெய் இறங்கும்படி விடுவார்கள். நடுவில் நேராகச் சொட்டினால் காற்று அடைபட்டு எண்ணெய் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுவிடும். பெரியவரின் காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், கொள்ளளவு ஒரு மில்லிக்குச் சற்றுக் கூட. கரண்டி கரண்டியாகத் தேவையில்லை. பழைய நூல்கள் எண்ணெய் நிற்க வேண்டிய நேரத்தை மாத்திரைக் கணக்கில் சொல்லும் (விழுங்கும் மாத்திரை இல்லை, கைநொடிக்கும் நேரம்). இன்றைய வைத்தியசாலைகளில் பத்து முதல் பதினைந்து நிமிடம். பின்பு தலையைச் சாய்த்து வடியவிட்டு, வாசலில் மட்டும் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். வழக்கமாக ஏழு நாள். பயன்படுத்துபவை வில்வ தைலம், க்ஷீரபலா தைலம், வசாலசுனாதி தைலம் போன்றவை.

இதில் கைதவறுவது பெரும்பாலும் சூட்டில். காது நரம்பைச் சோதிக்கும் பரிசோதனை ஒன்றில் மருத்துவர்கள் வேண்டுமென்றே 30 டிகிரி, 44 டிகிரி நீரைக் காதில் விட்டுத் தலைசுற்றலை வரவழைத்துப் பார்ப்பார்கள். உடல் சூடு 37. மேலேயோ கீழேயோ ஏழு டிகிரி விலகினாலே அறை சுழலும் என்று பொருள். ஏர்கோன் அறையில் கிடந்த குப்பியை அப்படியே கவிழ்த்தால் வாந்தி வரை போகும். அடுப்பில் காய்ச்சியதை விரலில் தொட்டுப் பார்த்து ஊற்றினால் குழாய்த் தோல் வெந்துபோகும், ஏனென்றால் அந்தத் தோல் விரல் தோலைவிட மிக மெல்லியது. குப்பியை வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் நிறுத்திவைத்து, ஒரு சொட்டை மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பாருங்கள். சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது.

வீட்டுப் பூண்டு எண்ணெய் வேறு வகை ஆபத்து. நல்லெண்ணெயில் பூண்டைப் போட்டுச் சிவக்கக் காய்ச்சி வடிகட்டுவது ஒரு தலைமுறை பழக்கம். இப்போது சிலர் பச்சைப் பூண்டைத் தட்டிச் சாற்றைக் கலக்கிறார்கள், பல்லையே காதில் செருகுகிறார்கள். பச்சைப் பூண்டின் காரம் தோலைப் புண்ணாக்கும். உடைந்த துண்டு உள்ளே சிக்கினால் எடுக்க மருத்துவர் வேண்டும்.

சரி, முறையாகச் செய்தால் இரைச்சல் போகுமா? காதழுக்கால் வந்த இரைச்சல் என்றால் போக வாய்ப்பு நிறையவே உண்டு, எண்ணெய் அழுக்கை இளக்கும். சாதாரண ஆலிவ் எண்ணெயும் அதையே செய்யும்: இரண்டு மூன்று சொட்டு, நாளைக்கு இருமுறை, மூன்று முதல் ஐந்து நாள். முதல் இரண்டு நாள் அழுக்கு ஊறி அடைப்பு கூடும். பயந்து நிறுத்துபவர்கள் அப்போதுதான் நிறுத்துகிறார்கள். தானாக வராவிட்டால் கிளினிக்கில் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள்.

நத்தைச்சுருள் பழுதால் வந்த இரைச்சலுக்கு எங்கள் கருத்து வேறு. முழுதான செவிப்பறையை எண்ணெய் தாண்டாது. தாண்டினாலும் நடுக்காது, அதற்கப்பால் எலும்புக்குள் உட்காது. விலை உயர்ந்த தைலமும் போய்ச் சேருவது செவிப்பறையின் இந்தப் பக்கம்தான். கர்ணபூரணம் முடிந்து எழுந்தவருக்குச் சற்று நேரம் இதமாக இருப்பது உண்மை. கழுத்தும் தாடையும் தளர்வதும், அரைமணி நேரம் அமைதியாகப் படுத்திருப்பதும் அதற்குப் போதுமான காரணங்கள். தாடை மூட்டு இறுக்கத்தால் இரைச்சல் கூடுகிறவர்களுக்கு அந்தத் தேய்ப்பு நிஜமாகவே உதவக்கூடும்.

அடுத்தது நஸ்யம், மூக்கு வழியே மருந்து. மூக்கு தலைக்கு வாசல் என்பது ஆயுர்வேதத்தின் பழைய நம்பிக்கை. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போவதால், சளியடைப்பால் காது ‘கும்’மென்று இருப்பவர்களுக்கு இதில் ஓரளவு நியாயம் உண்டு. வீட்டளவில் அணு தைலம் ஒரு துளைக்கு இரண்டு சொட்டு, வெறும் வயிற்றில். தொண்டைக்கு இறங்கியதைத் துப்பிவிட வேண்டும், விழுங்கக்கூடாது. ஆறு எட்டு சொட்டு என்று போகும் நஸ்யம் வைத்தியர் முன்னிலையில் மட்டும். சாப்பிட்ட உடனே, காய்ச்சலில், கர்ப்ப காலத்தில் வேண்டாம். மாதக்கணக்கில் தினமும் எண்ணெய் விட்டுக்கொண்டே தூங்கினால் துளித்துளியாக நுரையீரலுக்குள் இறங்கி ஒரு வகை நிமோனியா வரும். இதை யாரும் குப்பியில் அச்சிடுவதில்லை.

சிரோதாரா, அதாவது நெற்றியில் இளஞ்சூட்டுத் தைலம் முப்பது நாற்பது நிமிடம் நூலாக விழுவது, காதைத் தொடுவதே இல்லை. ஆனால் இரைச்சலால் அவதிப்படுபவருக்கு ஆயுர்வேதத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வோம். இரைச்சல் ஆளைத் தின்பது தூக்கத்தின் வழியாக. தூங்காத மறுநாள் சத்தம் பெரிதாகத் தெரியும், அந்தப் பதற்றம் அன்றிரவுத் தூக்கத்தையும் கெடுக்கும். அந்தச் சக்கரத்தில் எங்காவது கட்டை போட வேண்டும். வாரம் ஒரு எண்ணெய்க் குளியலும் மலிவான கட்டைதான். குளிக்கும்போது காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

உள்மருந்தில் சாரிவாதி வடி காதுக்கென்றே பேர்பெற்றது. சாரிவா நன்னாரிதானே என்று சாதுவாக நினைக்க வேண்டாம், அதில் அப்பிரக (மைக்கா) பஸ்பமும் லோக (இரும்பு) பஸ்பமும் சேர்கின்றன. பஸ்பம் சேர்ந்த மருந்தில் தயாரிப்புத் தரம்தான் உயிர். சென்னை போய்வரும் உறவினர் பெட்டியில் வரும் டப்பாவுக்கு இங்கே யாரும் உத்தரவாதம் இல்லை. மலேசியாவில் பதிவான பாரம்பரிய மருந்தின் மேல் MAL எனத் தொடங்கி எட்டு இலக்கம் வந்து T என முடியும் எண்ணும், பாதுகாப்பு ஸ்டிக்கரும் இருக்கும். அந்தப் பதிவு எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் (NPRA) இணையத் தேடலில் போட்டுப் பார்க்கலாம். அஸ்வகந்தா தூக்கத்துக்கு நல்லது என்று பலர் தொடங்குகிறார்கள். தைராய்டு மருந்தோ தூக்க மாத்திரையோ எடுப்பவர்களும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக்கூடாது.

ஆங்கில மருத்துவத்தின் பக்கம் பார்த்தால், அங்கும் இரைச்சலை அணைக்கும் மாத்திரை இல்லை. இதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகத்தின் 2014 வழிகாட்டி, ஜிங்கோ, மெலடோனின், துத்தநாகம் ஆகியவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொல்கிறது. பார்மசியில் ‘காது சத்து’ என்று அடுக்கியிருப்பவற்றில் பாதி இவைதான். பலன் தருபவை ஆர்ப்பாட்டமில்லாதவை: கேட்கும் திறன் குறைந்திருந்தால் காதுக் கருவி, படுக்கையருகே மின்விசிறியோ மழைச் சத்தமோ தாழ்வாக ஓடுவது, மனத்தைப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. கடைசியாகச் சொன்னதற்குத்தான் சான்று வலுவாக உள்ளது. தமிழில் அதைத் தரும் ஆள் கிடைப்பது கோலாலம்பூரிலேயே எளிதில்லை என்பது தனி வருத்தம்.

எந்தப் பக்கம் போனாலும் ஆடியோகிராம் (கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம்) ஒன்று எடுத்துவிடுங்கள். அந்த வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழுந்திருந்தால் சத்தத்தால் வந்த சேதம் என்று கண் முன்னே தெரியும். பினாங்கின் தொழிற்பேட்டைகளான பிறையிலோ பாயான் லெப்பாஸிலோ இயந்திரத்தின் அருகில் வேலை பார்ப்பவருக்கு இது மருத்துவத் தாள் மட்டுமல்ல. 2019இன் இரைச்சல் விதிமுறைப்படி எட்டு மணி நேர வேலையில் சராசரி 85 டெசிபலைத் தாண்டக்கூடாது. வேலைச் சத்தத்தால் வந்த காது மந்தம் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) தொழில்சார் நோயாக வருகிறது. எண்ணெய் விட்டுப் பார்க்கலாம் என்று ஆண்டுகளைக் கடத்துவதில் இந்த உரிமையும் சேர்ந்தே தள்ளிப்போகிறது. உறுமி மேளக் குழுத் தம்பிகளுக்கும் இதே பேச்சுதான். காதடைப்பான் சில வெள்ளிக்குக் கிடைக்கும், போன மயிரணு திரும்ப முளைக்காது.

ஈரக் காது

இங்கே எங்கள் தீர்ப்பு ஒருபக்கமாகவே இருக்கும். சீழ், நீர், பூஞ்சை எதுவானாலும் கர்ணபூரணம் வேண்டாம். சூடும் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்த இருட்டுக் குழாயில் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? செவிப்பறை ஓட்டையாக இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் இறங்கித் தங்கிவிடும். தாய்ப்பால், கற்பூரவல்லிச் சாறு, முருங்கைச் சாறு எல்லாவற்றுக்கும் இதே பதில். காதில் மெழுகுவர்த்தி ஏற்றி அழுக்கை உறிஞ்சுவதாகச் சொல்லும் ஸ்பாக்கள் தலைநகரில் உண்டு. அது எதையும் உறிஞ்சுவதில்லை. கடைசியில் காட்டும் பழுப்புத் தூள் மெழுகுவர்த்தியின் சொந்தச் சாம்பலும் மெழுகும்தான்.

ஆயுர்வேத நூல்களே வடியும் காதுக்குத் தனி முறைகள் சொல்கின்றன: துடைத்து உலர்த்துவது பிரமார்ஜனம், குக்குலு (ஒரு மரப் பிசின்), வேப்பிலைப் புகை காட்டுவது தூபனம். முதலாவது முழுக்கச் சரி, இன்றைய காது மருத்துவரும் முதலில் செய்வது அதைத்தான். பஞ்சைத் திரியாக முறுக்கி வாசலில் வைத்து ஊறவிட்டு மாற்றுங்கள், குச்சியால் குடைய வேண்டாம். புகை விஷயத்தில் எங்களுக்குத் தயக்கம் உண்டு. மேற்பரப்பை உலர்த்தலாம், ஆழத்தில் உள்ள கிருமியைத் தொடாது. தணல் தெறிக்கும், ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மூச்சு முட்டும். கஷாயத்தால் காது கழுவுவது, ஓட்டை இருக்கலாம் என்ற நிலையில் கிருமியை உள்ளே தள்ளும் வேலை.

மருத்துவர் என்ன செய்வார்? புறக்காதுத் தொற்றுக்குச் சொட்டு மருந்து, வழக்கமாக ஏழு நாள். சொட்டுவிட்டதும் வாசல் குருத்தெலும்பை நாலைந்து முறை அழுத்தி அழுத்தி விடுங்கள், மருந்து அடிவரை இறங்கும். பிறகு ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருங்கள். பூஞ்சைக்கு உறிஞ்சிச் சுத்தம் செய்த பின் குளோட்ரிமசோல் போன்றது, சுமார் இரண்டு வாரம். அரிப்பு மூன்றாம் நாளே நிற்கும், அங்கேயே நிறுத்தினால் அடுத்த மழைக்குத் திரும்பி வரும். ஓட்டையான காதுக்கு சிப்ரோஃபுளோக்சசின், ஓஃப்ளோக்சசின் சொட்டுகள் பாதுகாப்பானவை. போன வருடம் வீட்டில் மிஞ்சிய குப்பியில் ஜென்டாமைசினோ நியோமைசினோ இருந்தால் விடாதீர்கள், அவை உட்காதைக் கெடுக்கக்கூடியவை. ஆங்கில மருந்து என்பதாலேயே எல்லாம் ஒன்றாகிவிடாது.

பிள்ளைகளின் நடுக்காதுத் தொற்றில் மருத்துவரும் உடனே ஆன்டிபயாடிக் எழுதாமல் இருக்கலாம். இரண்டு வயதுக்கு மேல், காய்ச்சல் லேசு, ஒரு காது மட்டும் என்றால் இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு முடிவு செய்வது முறையான வழி. பல தொற்று தானே அடங்கும். அந்த நாள்களில் வலிக்குப் பாராசிட்டமால், எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணிக்கொருமுறை. வெளியே வெதுவெதுப்பான துணி ஒத்தடம் தாராளமாகக் கொடுக்கலாம், பாட்டி வைத்தியத்தில் இங்கே நிற்கக்கூடியது இது ஒன்றுதான். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை என்றால் காத்திருக்கவே கூடாது.

மாதக்கணக்கில் கொஞ்சமாக, நாற்றத்தோடு வடிவதைத்தான் நம் வீடுகளில் ‘சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள். நடுக்காதில் தோல் கட்டி வளர்ந்து எலும்பை அரித்துக்கொண்டிருக்கலாம். அதற்கு அறுவைதான். தைலமும் குக்குலுவும் நாற்றத்தைக் குறைத்து, அறுவையைத் தள்ளிப்போட வைக்கும்.

வைத்தியரைத் தேர்ந்தால்

இங்கே பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் 2016 இருக்கிறது. இந்திய மருத்துவம் அதில் ஒரு பிரிவு, ஆயுர்வேதமும் சித்தமும் அதற்குள் வருகின்றன. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அதைவிடப் பெரிய சோதனை ஒன்று உண்டு: காதில் எண்ணெய் விடுவதற்கு முன் உள்ளே விளக்கடித்துப் பார்க்கிறாரா, அல்லது மருத்துவர் பார்த்த சீட்டைக் கேட்கிறாரா? கேட்காமல் படுக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் கட்டும் முன் கெடுவும் பேசிக்கொள்ளுங்கள். உலர்ந்த காது, சீரான செவிப்பறை, ஆடியோகிராம் கையில். இந்த நிலையில் ஏழு நாள் கர்ணபூரணம், கூட நாலைந்து சிரோதாரா என்று வைத்தால் ஆறு வாரத்துக்குள் ஏதாவது தெரிய வேண்டும். சத்தத்தின் அளவை நினைவில் எடைபோடாதீர்கள், மனம் ஏமாற்றும். தினமும் படுக்கும்போது எத்தனை நிமிடத்தில் தூங்கினோம், இரவில் எத்தனை முறை விழித்தோம் என்று காலண்டரில் இரண்டு எண் எழுதிவையுங்கள். ஆறாம் வாரத்தில் எண்கள் அசையவில்லை என்றால் இரண்டாவது பேக்கேஜுக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். அந்தப் பணம் காதுக் கருவிக்கு ஆகும்.